கம்ப்யூட்டர் கேம் செய்கிறவர்கள், ஒருவர் எழுதிய நிரலை, அதாவது கோடை, இன்னொருவர் எடுத்துக்கொள்வது சகஜம் என்கிறார்கள். முழு கேமையும் எடுத்துப் போட்டால் மட்டும் ஏன் திருட்டு என்கிறார்கள்?

நானும் எடுத்திருக்கிறேன், என்னிடமிருந்தும் எடுத்திருக்கிறார்கள். அந்தத் தகுதியில் எழுதுகிறேன். பகலில் வேறு வேலை. ராத்திரி வீடு அடங்கிய பிறகு கோடாட் எஞ்சின் என்ற கேம் செய்யும் மென்பொருளில் சின்னச் சின்ன கேம் செய்வது பொழுதுபோக்கு. இதுவரை சம்பாதித்ததை வைத்து ஒரு கீபோர்டு வாங்கலாம், நல்ல கீபோர்டு வாங்க முடியாது.

என் முதல் கேமில் நானே யோசித்து எழுதிய வரிகள் கால்வாசி தேறினால் அதிகம். ஆள் குதிப்பது ஒரு டுடோரியலைப் பார்த்து அப்படியே அடித்தது. வசனப் பெட்டி, கோடைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் யாரோ எம்ஐடி என்ற தாராளமான உரிமத்தோடு வைத்திருந்தது. எதிரி சுவரைச் சுற்றி வழி கண்டுபிடித்து வருவதற்கு ஏ-ஸ்டார். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் 1968இல் வெளியிட்ட வழிமுறை அது. இதையெல்லாம் நானே முதலிலிருந்து யோசித்துத்தான் செய்ய வேண்டும் என்றால் இந்த ஜென்மத்தில் முதல் லெவலைத் தாண்டியிருக்க மாட்டேன்.

பெரிய ஆட்களும் இப்படித்தான். க்வேக் 3 என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் மூல நிரலை, அதைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 2005இல் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வெளியே விட்டது. அதற்குள் வர்க்கமூலத்தின் தலைகீழியைச் சட்டென்று கணக்கிடும் ஒரு குட்டி ஃபங்ஷன் இருந்தது. நடுவில் எங்கிருந்தோ குதித்த ஒரு மாய எண், பக்கத்தில் 'இது என்ன எழவு' என்ற தொனியில் ஒரு கமெண்ட். எல்லாரும் அந்த நிறுவனத்தின் தலைமை நிரலாளர் ஜான் கார்மாக்கின் மூளைதான் என்று நினைத்தார்கள். கேட்டபோது அவர், நான் எழுதியது இல்லை என்று சொல்லிவிட்டார். ஆர்வலர்கள் ஆள் மாற்றி ஆள் கேட்டுக்கொண்டே போய், 1980களின் பிற்பகுதியில் ஆர்டென்ட் கம்ப்யூட்டரில் வேலை பார்த்த கிரெக் வால்ஷ் வரை போய்ச் சேர்ந்தார்கள். கைமாறிக் கைமாறி வந்ததில் பெயர் மட்டும் உதிர்ந்துபோயிருந்தது. அதற்காக க்வேக் திருட்டு கேம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சில வரிகளை எடுத்துவிட்டாலும் அது க்வேக்தான்.

இந்த இடத்தில்தான் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எத்தனை வரி எடுத்தார் என்று எண்ணிப் பார்த்துப் பயனில்லை. ஒரு கேமில் கோடு ஒரு பங்கு. மீதியெல்லாம் முடிவுகள்: குதித்தால் எவ்வளவு உயரம், விழும்போது எவ்வளவு வேகம், மூன்றாவது லெவலில் எதைச் சொல்லிக்கொடுப்பது, எதைச் சொல்லாமல் விடுவது. பார்த்தால் வெறும் எண்களாகத் தெரியும். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் நாற்பது முறை விளையாடிச் சலித்த ஒரு ராத்திரி இருக்கும். கோடை எடுக்கிறவர் தன் முடிவுகளை நிறைவேற்ற அதை எடுக்கிறார். கேமையே எடுக்கிறவர் அடுத்தவரின் முடிவுகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்.

என் கதையைச் சொல்கிறேன். பஸ் கண்டக்டர் கேம் ஒன்று செய்தேன். ஆட்கள் ஏறுவார்கள், அடுத்த நிறுத்தம் வருவதற்குள் டிக்கெட் கிழித்துச் சில்லறை கொடுத்து முடிக்க வேண்டும். இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே 11 வினாடி. பத்து வைத்தால் அம்மாவுக்குக் கோபம் வந்தது, பன்னிரண்டு வைத்தால் தம்பி கொட்டாவி விட்டான். பதினொன்றில் இரண்டு பேரும் 'இன்னொரு தடவை' என்றார்கள். நிறுத்தங்களின் பெயரெல்லாம் எங்கள் ஊர் டவுன் பஸ் போகும் வழி. படங்கள் தங்கை வரைந்தவை. கோடுக்கு மட்டும் எம்ஐடி உரிமம் போட்டேன். படமும் லெவலும் மறுவெளியீட்டுக்கு இல்லை என்று ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் தனியாக எழுதி வைத்தேன்.

எட்டு மாதம் கழித்து நண்பர் ஒருவர் ஒரு லிங்க் அனுப்பினார். வேறு பெயர், வேறு ஐகான், மூன்று நிறுத்தத்துக்கு ஒரு விளம்பரம். உள்ளே போனால் எங்கள் ஊர் மாவு மில் ஸ்டாப்பிங் நிற்கிறது! 'அடுத்த நிருத்தம்' என்று நான் அவசரத்தில் எழுதிய எழுத்துப் பிழைகூட அப்படியே. என் பெயர் இருந்த உரிமக் கோப்பை மட்டும் ஞாபகமாக நீக்கியிருந்தார்கள். மெயில் போட்டேன். ஒரு கல்லூரிப் பையன் பதில் எழுதினான்: 'சோர்ஸ் ஓப்பனாத்தானே இருந்துச்சு அண்ணா?'

அவன் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. நிறையப் பேர் நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது வேறு, கை வைக்க அனுமதி வேறு. கிட்ஹப்பில் உரிமம் எதுவும் இல்லாமல் கிடக்கும் கோடு பொதுச்சொத்து இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்புக் கணக்கில்தான் வைத்திருக்கிறது, பதிவு செய்யாவிட்டாலும் எழுதியவருக்கே உரிமை. எம்ஐடி என்றால் தாராளமாக விற்கலாம், ஆனால் பதிப்புரிமைக் குறிப்பும் உரிம வாசகமும் கூடவே போக வேண்டும். ஜிபிஎல்லிலும் விற்கலாம். வாங்கியவருக்கு மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுத்தாக வேண்டும், அவ்வளவுதான். ஆக, பையன் என் கோடை விற்றதில் எனக்குப் பேச்சே இல்லை. பெயரை அழித்ததும் தங்கையின் படங்களை எடுத்ததும்தான் வழக்கு.

இதே சிக்கல் வூல்ஃபயர் என்ற சின்ன நிறுவனத்துக்கும் வந்தது. முயல்கள் சண்டை போடும் லுகாரு என்ற கேமின் கோடை 2010இல் ஜிபிஎல்லில் திறந்து விட்டார்கள். படங்களையும் லெவல்களையும் விற்க அனுமதி கொடுக்கவில்லை. அடுத்த வருடமே மேக் ஆப் ஸ்டோரில் இன்னொருவர் அதே கேமை 1.99 டாலருக்கு விற்க ஆரம்பித்தார். பக்கத்திலேயே அசலின் விலை 9.99 டாலர்! ஆப்பிள் பிறகு நகலை நீக்கியது. ஐடி சாஃப்ட்வேரின் டூம் கேமில் இந்தப் பிரிவு இன்னும் தெளிவு: கேமை ஓட்டும் எஞ்சின் கோடு 1997 கடைசியில் வெளியே வந்தது, படமும் லெவலும் அடங்கிய கோப்பு விற்பனைப் பொருளாகவே இருந்தது. வெறும் எஞ்சினை வைத்து என்ன செய்வது என்று ஆர்வலர்கள் ஃப்ரீடூம் என்று சொந்தமாகவே படங்களும் லெவல்களும் செய்துகொண்டார்கள். எடுக்கத் தெரிந்தவர்கள் இப்படித்தான் எடுப்பார்கள்.

எனக்கே பதில் தெளிவாக இல்லாத இடமும் உண்டு. த்ரீஸ் என்ற எண் புதிரை அதன் ஆட்கள் 14 மாதம் செதுக்கி 2014 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். மார்ச்சில் இத்தாலிய இளைஞர் கேப்ரியேலே சிருல்லி ஒரு வார இறுதியில் அதே மாதிரியான 2048 என்ற புதிரை எழுதி இலவசமாக வைத்தார், உலகமே அதைத்தான் விளையாடியது. கோடு முழுக்க அவருடையது. 1024 என்ற கேமை ஒட்டிச் செய்தது, த்ரீஸ் போன்ற யோசனை என்று பக்கத்திலேயே எழுதியும் வைத்தார். சட்டப்படியும் சரி, நாணயப்படியும் சரி, நான் அதைத் திருட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் த்ரீஸ் ஆட்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட மெயில்களையெல்லாம் வெளியிட்டு, எவ்வளவு தூரம் நடந்து இந்த எளிமைக்கு வந்தோம் பாருங்கள் என்று காட்டியபோது, என் 11 வினாடி ஞாபகத்துக்கு வந்தது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. முன்பின் தெரியாத ஒருவரின் மீன்பிடி கேமை விளையாடி முடித்தேன், கடைசியில் ஓடிய பெயர்ப் பட்டியலில் 'சில்லறைக் கணக்கு' என்று போட்டு எதிரே என் பெயர். கோடைத் திறந்து பார்த்தால், எரிச்சலில் நான் 'தலைவலி' என்று கோடுக்குள் ஒரு மதிப்புக்கு வைத்த பெயரைக்கூட மாற்றாமல் விட்டிருந்தார். அன்றைக்கு வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து அந்தப் பட்டியலை இரண்டு முறை ஓட்டிக் காட்டினேன். காப்பி பேஸ்ட் என்று பார்த்தால் இவரும் அந்தப் பையனும் ஒன்றுதான். ஆனால் இவருடைய மீன் வேறு, குளம் வேறு, தூண்டில் இழுபடும் அவஸ்தை முழுக்க அவருடையது.

பையனுக்குப் பதில் எழுதினேன்: கோடு உனக்குத்தான், என் பெயரைத் திரும்பப் போடு, படத்தையும் ஊரையும் மாற்று, உன் ஊர் பஸ்ஸைப் போடு. பதில் இல்லை. பத்து நாள் பார்த்துவிட்டுப் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்பினேன், அதற்கு அடுத்த வாரம் அந்த கேம் கடையில் இல்லை. 'நிருத்தம்' என் கேமில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. திருத்தச் சொல்லி இதுவரை நான்கு பேர் மெயில் அனுப்பிவிட்டார்கள்.