டீயில் போடும் அந்தச் சின்ன மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 56, எடை 60 கிலோ. ஐந்து வருடமாக இனிப்புநீர். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். போன மாதம் பலதுறை மருந்தகத்தில் எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.8. சீனியை விட்டு ஒரு வருடம் ஆகிறது. காப்பிக்கடையில் தினம் மூன்று வேளை தே குடிப்பேன். ஒவ்வொன்றிலும் சீனிக்குப் பதிலாக அஸ்பார்டேம் இனிப்பு மாத்திரை இரண்டு. அது புற்றுநோயைக் கொண்டுவரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததிலிருந்து பயமாக இருக்கிறது. நாத்தனார், நாட்டுச் சர்க்கரைக்கு மாறச் சொல்கிறார். இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் கணவருக்கும் இதே மாத்திரைதான். வீட்டிலிருந்து சீனி டப்பாவையே எடுத்துவிட்டோம். எங்களைப் பார்த்து ஏழு வயதுப் பேரனும் ஸீரோ கோலா கேட்கிறான். என்ன செய்வது, டாக்டர்?
– வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: அம்மா, உங்கள் மனத்தை அரிக்கும் விஷயத்துக்கு முதலில் வருகிறேன். நாளுக்கு ஆறு மாத்திரை என்பதற்காகப் புற்றுநோயை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தவை வேறு இரண்டு. அவற்றுக்கும் வருகிறேன்.

வாட்ஸ்அப்பில் வந்த செய்தி முழுப் பொய் இல்லை. அதனால்தான் அது பயமுறுத்துகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023 ஜூலையில் அஸ்பார்டேமை '2பி' பட்டியலில் சேர்த்தது உண்மைதான். 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் ஆதாரம் போதாது' என்பது அந்தப் பட்டியலின் பொருள். சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில் இருக்கிறது. ஒரு பொருளால் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டா என்பது மட்டுமே அந்த முகமையின் கேள்வி. எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்று பார்ப்பது இன்னொரு நிபுணர் குழுவின் வேலை. அந்தக் குழுவும் அதே நாளில் தன் முடிவைச் சொன்னது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது, பழைய வரம்பை மாற்றக் காரணம் இல்லை. பகிரப்படும் செய்தியில் இந்தப் பாதி விடுபட்டுப் போகிறது.

உங்கள் 60 கிலோவுக்கு அந்த வரம்பு 2,400 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் பொதுவாக இருப்பது ஏறக்குறைய 20 மில்லிகிராம். ஆறு மாத்திரைக்கு 120. வரம்பைத் தொட நீங்கள் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட மாத்திரைகளை விழுங்க வேண்டும். பிரான்சில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கவனித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், அஸ்பார்டேம் அதிகம் சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தென்பட்டது. ஆனால் இனிப்பூட்டியைத் தேடிப் போகிறவர்களில் பலர் ஏற்கெனவே எடை கூடியவர்கள், இனிப்புநீர் உள்ளவர்கள். அவர்களுக்கு வந்த நோய் மாத்திரையால் வந்ததா, மாத்திரையைத் தேட வைத்த உடல்நிலையால் வந்ததா என்று அத்தகைய ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

வயதில் மூத்த வாசகர்களுக்குச் சாக்கரின் என்ற பழைய இனிப்பூட்டியைப் பற்றிய பயம் நினைவிருக்கும். 1970களில் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்ததைப் பார்த்து அமெரிக்காவில் அதன் டப்பாக்களில் எச்சரிக்கை அச்சிட்டார்கள். அந்த எலிகளுக்கு அப்படி வந்த விதம் மனிதர்களுக்குப் பொருந்தாது என்று பிறகு தெரிந்தது. 2000ஆம் ஆண்டில் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். அஸ்பார்டேமை அறவே தொடக்கூடாதவர்கள் ஒரு சாரார் உண்டு. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அவர்கள். டப்பாவில் 'ஃபீனைல்அலனின் உள்ளது' என்று அச்சிடுவது அவர்களுக்காகத்தான்.

இனி என் முதல் கவலை. நீங்கள் 'தே' என்று எழுதியிருக்கிறீர்கள்; இனிப்பில்லாத டின் பால் விடும் 'தே-சி' என்றோ பாலே விடாத 'தே-ஓ' என்றோ எழுதவில்லை. அடுத்த முறை காப்பிக்கடையில் தே போடுபவரின் கையைக் கவனியுங்கள். கண்ணாடிக் குவளையின் அடியில் டின்னிலிருந்து கெட்டிப்பால் மஞ்சள் வெள்ளையாக இழுபட்டு விழும். அதன்மேல் டிக்காஷன், பிறகு வெந்நீர், நான்கு சுற்றுக் கலக்கல். அந்தக் கெட்டிப்பாலில் பாதிக்கு மேல் சீனி. ஒரு மேசைக்கரண்டி விட்டாலே இரண்டு தேக்கரண்டி சீனியைக் கொட்டிய மாதிரி. அதற்குமேல் நீங்கள் மாத்திரை இரண்டைப் போடுகிறீர்கள். சீனியை விட்டுவிட்டோம் என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டு, தினம் மூன்று வேளை அதைக் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் 7.8க்குச் சோறும் மற்றதும்கூடக் காரணமாக இருக்கலாம். ஆனால் நான் முதலில் கைவைப்பது இந்தக் குவளையில்தான்.

'தே-சி கோசொங்' என்று கேளுங்கள். இனிப்பில்லாத டின் பால் விடுவார்கள், சீனி போடமாட்டார்கள். அதில் உங்கள் மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே அதற்கு வேலை இருக்கிறது. 'சீயு தாய்' என்றால் இனிப்பைக் குறைப்பார்கள், முழுக்க எடுக்கமாட்டார்கள். இரண்டு வாரம் போனதும் மாத்திரையை ஒன்றாக்குங்கள், பிறகு அரையாக்குங்கள். முதல் சில நாள் சப்பென்று இருக்கும்; போகப் போக நாக்கு பழகிவிடும். என் நோயாளிகளில் பலர் இப்படியே வெறும் தேக்கு வந்திருக்கிறார்கள்.

மாத்திரை ஆபத்தில்லை என்றால் ஏன் குறைக்கச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். உடல் எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் ஒரு பரிந்துரை தந்தது. ஏற்கெனவே இனிப்புநீர் உள்ளவர்களை அந்தப் பரிந்துரை சேர்க்கவில்லை. ஆனாலும் அதன் பின்னால் உள்ள அக்கறை எனக்கும் உண்டு: நாக்கு எப்போதும் இனிப்பையே கேட்டுக்கொண்டிருக்கும். இஸ்ரேலில் 120 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட சோதனையில், சாக்கரினும் சுக்ரலோஸ் என்ற இன்னொரு இனிப்பூட்டியும் குடல் நுண்ணுயிர்களையும் உடல் சீனியைக் கையாளும் விதத்தையும் மாற்றின. ஆளுக்கு ஆள் அதில் வேறுபாடும் இருந்தது. உங்கள் கணவரிடம் ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி இருக்குமே. விரலில் குத்தும் பேனாவையும் ஊசியையும் மட்டும் உங்களுக்கென்று தனியாக வைத்துக்கொண்டு, தே குடிப்பதற்கு முன் ஒருமுறையும் இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறையும் பாருங்கள். உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

நாத்தனாருக்கு உங்கள்மேல் அன்புதான். ஆனாலும் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, குலா மலாக்கா, தேன் எல்லாம் ரத்தத்தில் போய்ச் சேரும்போது சீனிதான். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. தீபாவளிக்கு லிட்டில் இந்தியாவில் வாங்கும் 'சுகர் ஃப்ரீ' இனிப்பின் பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். மால்டிடால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அதுவும் ஓரளவு சர்க்கரையை ஏற்றும். நாலு துண்டு சாப்பிட்டால் வயிற்றுப்போக்கும் வரலாம். உள்ளே இருக்கும் மைதாவும் நெய்யும் எங்கேயும் போய்விடவில்லை.

பேரனுக்கு ஸீரோ கோலா வேண்டாம். ஒரு டின் குடித்தால் விஷம் என்று சொல்லவில்லை; ஏழு வயதில் தாகத்துக்குத் தண்ணீர் என்று பழக வேண்டும், அவ்வளவுதான். பானங்களுக்குத் தரம் போடும் நம் நியூட்ரி-கிரேட் முறையிலும் இனிப்பூட்டி சேர்த்த பானத்துக்கு, சீனியே இல்லாவிட்டாலும், 'ஏ' தரம் கிடையாது.

இரண்டாவது கவலை உங்கள் கணவரைப் பற்றியது. 'சீனி டப்பாவையே எடுத்துவிட்டோம்' என்ற வரியைப் படித்ததும் எனக்கு ஒரு குடும்பம் நினைவுக்கு வந்தது. அந்த வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவர் ஒருவர். ஒருநாள் இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டார். நள்ளிரவில் சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. அவர் மனைவி பதறிப்போய் ஐஸ்பெட்டியிலிருந்த ஸீரோ பானத்தைக் குடிக்கக் கொடுத்தார். இனிப்பாக இருக்கிறதே, போதும் என்று நினைத்தார். இறங்கிப்போன ரத்தச் சர்க்கரையை ஏற்ற அதில் ஒன்றுமில்லை. நல்லவேளை, பக்கத்து வீட்டு மகள் வந்து மைலோவில் சீனி போட்டுக் கொடுத்தாள்.

ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் மாத்திரையோ ஸீரோ பானமோ உதவாது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அல்லது சாதாரணக் கோலா அரை டின். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்; ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறியதும் ஒரு ரொட்டித் துண்டோ கொஞ்சம் சோறோ சாப்பிட வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 995ஐ அழையுங்கள்.

இதைப் படித்த கையோடு கீழ்க்கடைக்குப் போய் ஒரு சீனிப் பொட்டலம் வாங்கி வாருங்கள். டப்பாவின் மேல் 'அவசரத்துக்கு' என்று எழுதி, இன்சுலின் இருக்கும் அலமாரியிலேயே வையுங்கள். எங்கே இருக்கிறது என்று பேரனுக்கும் காட்டிவிடுங்கள்.