விண்ணப்பத்தில் எங்கே 'எ', எங்கே 'த'?

கேள்வி: கிளிநொச்சியில் தொண்டு நிறுவனமொன்றில் கள உத்தியோகத்தர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். ஆங்கிலத்தில் 'எ', 'ஆன்', 'த' எங்கே வரும் என்பதில் எனக்கு எப்போதும் குழப்பம். கடிதத்தைத் தட்டச்சு செய்த கடைக்காரர் பல இடங்களில் 'த' சேர்த்துத் தந்திருக்கிறார். அப்படியே அனுப்பலாமா? – மல்லாவி வாசகி

பதில்: அனுப்பாதீர்கள், தங்கையே. ஆங்கிலம் கனமாகத் தெரிய வேண்டுமென்றால் 'த' போடு என்பதுதான் இந்தக் கடைக்காரர்கள் சிலரின் இலக்கணம். பிழைக்கும் சேர்த்துத்தான் பக்கக் கணக்கில் காசு வாங்குகிறார்கள்.

எதைச் சொல்கிறீர்கள் என்று படிப்பவருக்குத் தெரியுமா? தெரிந்தால் 'த'. அவர்களே விளம்பரம் செய்த பதவி என்பதால் 'த போஸ்ட்'. உங்களை அறிமுகப்படுத்தும்போது 'ஐ ஆம் எ கிராஜுவேட்'. இந்த 'எ'யை விழுங்கிவிடுபவர்களே அதிகம். விவசாயிகளோடு வேலை செய்தேன் என்று பொதுவாகச் சொல்ல 'ஃபார்மர்ஸ்' மட்டும் போதும். ஊர்ப் பெயருக்கு முன் 'த' வராது. ஆனால் 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் படித்திருந்தால், 'த யூனிவர்சிட்டி ஆஃப் வவுனியா' என்றே எழுதுங்கள்.

'ஏ, ஈ, ஐ, ஓ, யூ வந்தால் ஆன்' என்று ரியூசனில் பாடமாக்கியிருப்பீர்கள். எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்'. யூனிவர்சிட்டி 'யூ'வில், அதாவது ய் என்ற மெய்யில் தொடங்குகிறது, ஆகவே 'எ'. வன்னியில் அதிகம் வழுக்குவது சுருக்கப் பெயர்களில்தான். என்.ஜி.ஓ. ஆங்கிலத்தில் மெய்யெழுத்து, வாயிலோ 'எ' என்ற உயிர். எனவே 'ஆன் என்.ஜி.ஓ.'. எம்.பி.க்கும் அப்படியே. யூ.என். நிறுவனம் என்றால் 'எ யூ.என். ஏஜென்சி'. பி.ஏ.க்கு 'எ', எம்.ஏ.க்கு 'ஆன்'. ஒரு வருட டிப்ளோமாவை 'ஒன் இயர்' என்று ஒகரம் போட்டுத் தமிழில் எழுதினாலும் வாய் சொல்வது 'வன்'; அங்கும் 'எ'தான்.

வெற்றிடம் நிரப்பிப் புள்ளி வாங்கவே வருடக்கணக்கில் படிப்பிக்கிறார்கள். பிள்ளைகளை வாய் திறந்து வாசிக்க விடுவதில்லை. காதில் விழாத மொழியின் ஒலி விதி எப்படிப் பிடிபடும்?

கடிதத்தை நீங்களே கையால் எழுதிக் கொடுங்கள்; கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். அச்சுப் பிரதியை அங்கேயே நின்று உரத்து வாசியுங்கள். பிறகு காசைக் கொடுங்கள்.