பாதம் எங்கே விழுகிறது? ஓட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

1500 மீற்றரை 4 நிமிடம் 40 செக்கனில் ஓடுகிறேன். "எட்டை நீட்டிப் போடு, வேகம் வரும்" என்கிறார் எங்கள் சேர். நீட்டினால் முழங்கால் வலிக்கிறது, நேரமும் குறையவில்லை.
*– உயர்தர மாணவன், தலவாக்கலை*

சேர் சொல்வதில் பாதி சரி, தம்பி. வேகமாக ஓடுகிறவரின் எட்டு நீளமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நீளம் தரையைப் பின்னால் உதைத்துத் தள்ளுவதால் வருவது. காலை முன்னால் எட்டி வைத்தால் பாதம் இடுப்புக்கு வெகு முன்னே, முழங்கால் விறைத்தபடி விழும். அது பிரேக். நிமிடத்துக்கு 180 எட்டு என்று வைத்தால், உங்கள் 4:40க்குள் 840 எட்டு. அத்தனை தடவையும் பிரேக் பிடித்து மறுபடி வேகமெடுத்தால் மூச்சும் வீணாகும், முழங்காலும் நோகும்.

நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் நிறுத்தி, போனில் ஸ்லோமோஷனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். பாதம் தரையைத் தொடும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே கால் ஏறக்குறைய நேராக நின்றால் நல்லது. முன்னால் நீண்டிருந்தால் எட்டின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். சாதாரண பயிற்சி ஓட்டத்தில் வலது கால் 30 செக்கனில் எத்தனை தடவை விழுகிறது என்று எண்ணி, நான்கால் பெருக்குங்கள். 160 வந்தால் இப்போதைக்கு 168 போதும். அதே வேகத்தில் எட்டின் எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முழங்காலில் இறங்கும் சுமை குறைவதை 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது.

எல்லோரும் சொல்லும் அந்த 180, அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் எண்ணிப் பார்த்தது. அது உலகத்தரமான ஓட்டக்காரர்கள் போட்டியில் ஓடியபோது எண்ணியது. மெல்ல ஓடும்போது அதைத் துரத்தாதீர்கள்.

வீதி ஓட்டத்தில் ஏற்றத்தில் எல்லோரையும் பிடித்துவிடுகிறேன். இறக்கத்தில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள்.
*– இளம் ஆசிரியை, ஹட்டன்*

மலையகப் பிள்ளைகள் பலரிடம் நான் பார்க்கும் பழக்கம் இது. காரணம் நம் குறுக்குப் பாதைகள். மழையில் வழுக்காமல் இறங்க, சின்ன வயதிலேயே உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலை ஊன்றிப் பழகியிருக்கிறோம். தோட்டத்தில் அந்தப் பழக்கம் நம்மைக் காப்பாற்றும். தார் வீதியில் அதுவே நேரத்தைத் தின்னும். அப்படி இறங்கும்போது தொடையின் முன் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. மறுநாள் படி இறங்க முடியாமல் தொடை பிடித்துக்கொள்வது அதனால்தான்.

ஏற்றத்தில் உங்களுக்கு இருக்கும் திறமையும் இந்த மண்ணில் வந்ததுதான். கொழுந்துச் சுமையோடு, அதை நிறுக்கும் மடுவத்துக்கு ஏறும் நம் அம்மாக்களின் கால்களைக் கவனியுங்கள்: சின்னச் சின்ன எட்டு, ஒரே தாளம், எங்கும் அவசரம் இல்லை. இறக்கத்துக்கும் அந்தச் சின்ன எட்டையே கொண்டு வாருங்கள், இன்னும் விரைவாக. இடுப்பை மடிக்காமல் கணுக்காலிலிருந்து இலேசாக முன்னே சாயுங்கள். பார்வை பாதத்தில் வேண்டாம், பத்துப் பதினைந்து மீற்றர் முன்னே இருக்கட்டும். சமநிலைக்காகக் கை கொஞ்சம் விரிந்தால் பரவாயில்லை.

வாரம் ஒரு நாள், சாய்வு குறைந்த புல் தரையில் 80 மீற்றர், ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் நடந்தே மேலே ஏறுங்கள். ஈரமான நாளில் வேண்டவே வேண்டாம்.

என் இடது கை ஒரு மாதிரி மடங்கியே ஆடுகிறது. திருத்த வேண்டுமா?
*– பண்டாரவளை*

கை நெஞ்சின் நடுக்கோட்டைத் தாண்டி உடம்பை முறுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி சிறுவயதில் தினமும் 10 கிலோமீற்றர் பாடசாலைக்கு ஓடியே போனவர். புத்தகம் பிடித்து ஓடிய இடது கை கடைசிவரை அப்படியே மடங்கி நின்றது. அந்தக் கையோடுதான் 1996இலும் 2000இலும் 10,000 மீற்றர் ஒலிம்பிக் தங்கம் வென்றார். தோள் இறுகாமல், விரல் இறுக மூடாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வலய மட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கிறது. இப்போது முன்பாதத்தில் ஓடிப் பழகலாமா?
*– பொகவந்தலாவை*

வேண்டாம். கெண்டைக்காலும் குதிநரம்பும் புதுப் பாரத்துக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். போட்டி முடியட்டும்.

மகள் மூன்று மாதமாக ஓட்டமுறையைத் திருத்தி வருகிறாள். கொழும்பில் 3000 மீற்றரை நன்றாக ஓடினாள், நுவரெலியாவில் நேரம் கூடிவிட்டது. பயிற்சி வீணா?
*– ஒரு தகப்பன், நானுஓயா*

வீணில்லை, ஐயா. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனும் குறைவு. நீண்ட ஓட்டத்தில் நேரம் கூடுவது இயல்பு, பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். இரண்டு ஊர் நேரங்களை ஒப்பிடாமல், மாதம் ஒரு முறை ஒரே மைதானத்தில், ஒரே சப்பாத்தோடு, காற்று அடங்கிய காலையில் 1000 மீற்றர் ஓட விட்டு எழுதி வையுங்கள். நேரத்தோடு, ஓடி முடித்ததும் ஒரு நிமிட நாடித்துடிப்பையும் குறியுங்கள். அதே நேரத்துக்குத் துடிப்பு குறைந்து வந்தால், மகள் முன்னேறுகிறாள்.