புளியரை ஏற்றத்தில் ஸ்லிப் ஆகும் ஆட்டோமேட்டிக் பஸ்

கியர்பாக்ஸைக் கழட்டி இறக்க விடாதீங்க, முதல்ல அதோட ஆயில் அளவைப் பாருங்க. ஆயிலும் ஃபில்டரும் மாத்தின பிறகுதான் செங்கோட்டை பக்கத்துப் புளியரை தாண்டி கேரளா ஆரியங்காவு மலைப்பாதை ஏறும்போது ஸ்லிப் ஆகுது (இன்ஜின் வேகமாச் சுத்துது, வண்டி இழுக்கல), சமதளத்துல பிரச்சினையே இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

இன்ஜினை நிறுத்திட்டு அளவு பார்த்து ஊத்தியிருப்பாங்க. இன்ஜின் நின்ன வண்டியில டார்க் கன்வெர்ட்டர்ல (இன்ஜின் சுழற்சியை ஆயில் மூலமா கியர்பாக்ஸுக்குக் கடத்துற பாகம்) இருக்கிற ஆயில் சம்ப்புக்கு, அதாவது அடித்தொட்டிக்கு இறங்கிடும், டிப்ஸ்டிக் (அளவு பார்க்கிற குச்சி) நிறைவாக் காட்டும். ஓடும்போது உண்மையில குறைவு. ஏத்தத்துல ஆயில் பின்னால ஒதுங்க, பம்ப் காத்தை இழுக்கும். ஆயில் பிரஷர் விழுந்து கியர்பாக்ஸ் உள்ளே இருக்கிற கிளட்ச் வழுக்கும்.

வண்டி நல்லா ஓடிச் சூடானதும் செங்கோட்டையில சமதரையா நிறுத்துங்க. நியூட்ரல், ஹேண்ட்பிரேக், டயருக்குக் கட்டை. இன்ஜின் ஐடிலிங்ல ஓடும்போதே டிப்ஸ்டிக்கைத் துடைச்சு ரெண்டு தடவை பாருங்க. குச்சியில 'ஹாட்'னு குறிச்சிருக்கிற அளவை எட்டலைன்னா கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. கூடிப்போனாலும் நுரை கட்டி இதே ஸ்லிப்தான் வரும்.

துடைச்ச துணியை மோந்து பாருங்க. கருகின வாடை, கறுப்பு நிறம்னா கிளட்ச் பிளேட் கருகியிருக்கு. ஆயில் ஊத்தி மட்டும் தீராது. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா ஆயிலைக் குளிர வைக்கிற கூலர் வழியா ரேடியேட்டர் தண்ணி கலக்குது. அப்போ ஆளை ஏத்திக்கிட்டு மலைக்குப் போகவே போகாதீங்க.