சினைப் பூனை, பிறந்த குட்டி: கேட்டதும் சொன்னதும்

தண்டையார்பேட்டை: அக்கா, பூனை சினையா இருக்கு. எப்போ குட்டி போடும்?

இணை சேர்ந்ததிலிருந்து 63–65 நாள். தேதி தெரியாதா? மூணாவது வாரம் காம்பு ரோஸ் நிறமாகத் தடிக்கும்; அங்கிருந்து ஆறு வாரம் எண்ணுங்க. ஆசனவாயில் வைக்கும் தெர்மாமீட்டரில் 37.8 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி வரும். அட்டைப்பெட்டியில் பழைய காட்டன் புடவை விரிங்க. டர்க்கி டவல் வேண்டாம், அந்த நூல் வளையத்தில் குட்டி நகம் மாட்டிக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே பெட்டி கூடாது; ஈரக் குட்டிக்கு சென்னைக் காத்தும் குளிர்தான்.

காசிமேடு: முக்கிட்டே இருக்கு, குட்டி வரல. எவ்ளோ நேரம் பாக்கலாம்?

விடாமல் பலமாக முக்கி 20–30 நிமிஷம் ஆச்சுன்னா ஆட்டோ பிடிச்சு வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்க. முதல் குட்டிக்கு முன்னாடியே கரும்பச்சையாக வடிந்தாலும் உடனே கிளம்புங்க. நடுவில் படுத்து, பிறந்த குட்டிக்கு நிதானமாகப் பால் கொடுத்துக்கிட்டிருந்தால் அது ஓய்வு, பதறாதீங்க. பின்னங்கால் முதலில் வருவதும் பூனைக்குச் சகஜம்.

மருந்துக்கடையில் பிரசவ வலியைத் தூண்டும் 'வலி ஊசி' வாங்கிப் போடாதீங்க. குட்டி குறுக்கே கிடந்தால் கர்ப்பப்பை கிழியும்.

குட்டியை மூடியிருக்கும் சவ்வைத் தாய் கிழிக்காவிட்டால் நீங்க உடனே வாய்ப்பக்கம் கிழிச்சு, மூக்கைத் துடைச்சு, உலர்ந்த துணியால் முதுகைத் தேயுங்க. தலைகீழாப் பிடிச்சு வீசாதீங்க. தொப்புள்கொடியைக் குட்டியின் வயித்திலிருந்து ரெண்டு விரல் தள்ளி, கொதிக்க வைத்த நூலால் கட்டி, கட்டுக்கு வெளியே வெட்டுங்க.

வியாசர்பாடி: தாய் இல்லாத குட்டி. பாக்கெட் பால் தரலாமா?

கூடாது. பூனைப் பாலில் புரதம் பசும்பாலைப் போல சுமார் ரெண்டு மடங்கு. பசும்பால் குடிச்ச குட்டிக்குப் பேதியாகும், நீர் வத்திப் போகும். பூனைக்குட்டிப் பால் பவுடர் வாங்குங்க. 100 கிராம் குட்டிக்கு ஒரு நாளைக்கு சுமார் 20 மில்லி. எட்டு வேளைன்னா வேளைக்கு 2.5. குப்புற வைத்தே ஊட்டணும், மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போயிடும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு: குளிர்ந்த குட்டிக்குப் பால் கிடையாது. வாய்க்குள் விரல் வைங்க. சில்லுன்னு இருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுத்தி, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்து மெதுவாகச் சூடேத்துங்க. குளிர்ந்த குடல் பாலைச் செரிக்காது.

ராயபுரம்: எங்க ஆயா பாக்கெட் பால்ல தண்ணி கலந்து பத்துக் குட்டி வளத்தாங்க. நீங்க சும்மா பயமுறுத்துறீங்க.

பிழைச்ச பத்தை எண்ணினீங்க தம்பி, செத்ததை யாராவது எண்ணினாங்களா? தண்ணி கலந்தால் இருக்கிற கொஞ்சப் புரதமும் பாதியாகும். வயிறு உப்பும், எடை ஏறாது.

ராயபுரம் மறுபடி: அப்ப ஆட்டுப் பால்?

ராத்திரி கடை மூடியிருந்தால் ஒண்ணு ரெண்டு வேளைக்கு. அதிலும் புரதம் கிட்டத்தட்ட பசும்பால் அளவுதான். தராசில் வைத்துப் பாருங்க: தினம் 10–15 கிராம் ஏறணும். ஏறுதுன்னா நீங்க ஜெயிச்சீங்க, நான் வாயை மூடிக்கிறேன்.

வியாசர்பாடி: அக்கா சொன்னதுதான் சரி. எனக்குப் பேதியாகுற குட்டி கையில இருக்கு.

சண்டையை விடுங்க, உடனே டாக்டரிடம் போங்க. அந்த வயசில் ஒரு நாள் பேதியே அதிகம்.

பெரம்பூர்: சினைக்காலம் எத்தனை நாள்?

மேலே, தண்டையார்பேட்டை.

திருவொற்றியூர்: மனுஷன் கை பட்டா தாய் ஒதுக்கிடுமா?

ஒதுக்காது. அடிக்கடி தொந்தரவு செய்தால் இடம் மாத்தும், அவ்வளவுதான்.

காசிமேடு: மீன் ஏலக்கூடத்துகிட்ட மூணு குட்டி தனியா கிடக்கு. தூக்கிட்டு வரட்டுமா?

தூக்காதீங்க. தாய் இரை தேடப் போயிருக்கும். தள்ளி நின்னு சில மணி நேரம் பாருங்க. வயிறு உருண்டு, சத்தமில்லாமல் தூங்கினால் தாய் வந்து போகுதுன்னு அர்த்தம். சில்லுன்னு, கத்திக்கிட்டே இருந்தால் மட்டும் எடுங்க. எடுத்தால் முதலில் சூடு, அப்புறம்தான் பால்.

கொளத்தூர்: குட்டி ஒண்ணுக்குப் போகல.

வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால், ஒவ்வொரு வேளைப் பாலுக்கும் அப்புறம், அடிவயித்திலிருந்து கீழ்நோக்கி மெதுவாகத் தடவுங்க. மூணு வாரம் வரை இதுதான் வழி.

வண்ணாரப்பேட்டை: தாய்க்குக் காய்ச்சல். பாராசிட்டமால் பாதி மாத்திரை?

கால்கூட வேண்டாம். பூனைக்கு அது விஷம். பெட்டி பக்கம் பினாயிலும் ஊத்தாதீங்க.

எண்ணூர்: குட்டி சில்லுன்னு இருக்கு, குடிக்கல. என்ன பால் தரலாம்?

பால் இல்லைன்னு ரெண்டு தடவை எழுதிட்டேன். சூடேத்துங்க!

பெரம்பூர்: பால் குடுக்கும்போதே மறுபடி சினையாகுமா?

ஆகும், சில வாரத்திலேயே. வீட்டுக்குள் அடைச்சு வைங்க. எட்டு வாரத்தில் குட்டி பால் மறந்ததும் கருத்தடைக்கு நாள் கேளுங்க.