மாட்டுக்கு ஊறுகாய்ப்புல்: பாக்டீரியா பொட்டலம் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எங்களிடம் கலப்பின மாடு நான்கு இருக்கிறது. அரை ஏக்கரில் கோ-4 புல் போட்டிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் மாடு தின்று தீராத அளவுக்குப் புல் வரும். மாசி பிறந்தால் வைக்கோலை விலைக்கு வாங்குகிறோம். அதனால் போன வருஷம் 50 கிலோ சைலேஜ் (ஊறுகாய்ப்புல்) பைகளில் புல்லை நறுக்கிப் போட்டு வைத்தோம். பிரித்தபோது பாதிப் பைகள் குமட்டும் நாற்றம். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இந்த வருஷம் தீவனக் கடையில் பாக்டீரியா பவுடர் தருகிறார்கள். 100 கிராம் பொட்டலம் 350 ரூபாய். இரண்டு டன்னுக்குப் போதுமாம், புல் கெடவே கெடாதாம், மாடு இரண்டு லிட்டர் கூடுதலாகக் கறக்குமாம். பொட்டலத்தின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா?
(காரிமங்கலம் அருகிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அந்தப் பொட்டலத்தை வாங்காதீர்கள். பாக்டீரியாவே வீண் என்று சொல்லவில்லை. உங்கள் புல்லுக்கு அது உதவக்கூடியதுதான். ஆனால் கடையில் காட்டிய பொட்டலத்தில் சரக்கு போதாது. அதற்கும் முன்னால் போன வருஷத்துப் பை ஏன் நாறியது என்று பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் எந்தப் பொட்டலம் வாங்கினாலும் இதே கதைதான்.

பைக்குள் நடப்பது பால் தயிராவது மாதிரியான வேலை. காற்றுப் புகாத இடத்தில் லாக்டிக் அமில பாக்டீரியா புல்லிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலமாக மாற்றுகிறது. புளிப்பு ஏற ஏறக் கெடுக்கும் கிருமிகள் ஒடுங்கிவிடும். புளிப்பை அளக்கும் பி.ஹெச். எண் (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.2 அல்லது அதற்குக் கீழே இறங்கிவிட்டால் பை மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். மக்காச்சோளத்தில் சர்க்கரை தாராளம், அதனால் சும்மா நறுக்கி அமுக்கினாலே புளித்துவிடும். கோ-4, கோ-5 போன்ற வெப்பநாட்டுப் புல்லில் கரையும் சர்க்கரை குறைவு, தண்டு மொத்தம், ஈரமோ அதிகம். 45 நாளில் அறுத்த புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். சர்க்கரை இல்லாத புல்லில் பாக்டீரியாவைத் தெளிப்பது விருந்தாளியைக் கூப்பிட்டுவிட்டு உலை வைக்காமல் இருப்பது போல. புளிப்பு ஏறாத ஈரப் பையில் வேறொரு கூட்டம் புகுந்து பியூட்டிரிக் அமிலத்தை உண்டாக்கும். கெட்ட வெண்ணெய் வாடை, தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டு சோப்பு போட்டாலும் போகாத நாற்றம், பை அடியில் கறுப்புத் தண்ணீர். நீங்கள் சொல்லும் குமட்டல் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே முதல் செலவு வெல்லத்துக்கு. ஒரு டன் பச்சைப் புல்லுக்கு 20 கிலோ, அதாவது 50 கிலோ பைக்கு ஒரு கிலோ. பாலக்கோடு, கடத்தூர் பக்கத்து வெல்லத்தில் நிறம் மங்கிய இரண்டாம் தரம் போதும், மாடு நிறம் பார்க்காது. குறைந்த தண்ணீரில் கரைத்து, நறுக்கிய புல்லை அடுக்கடுக்காகப் போடும்போது தெளியுங்கள். காய்ச்சிக் கரைத்தால் ஆறவைத்த பிறகே பாக்டீரியாவோடு சேர்க்க வேண்டும், சூட்டில் அது செத்துவிடும்.

அதைவிட முக்கியம் ஈரம். காலையில் பனி உலர்ந்த பிறகு அறுத்து, களத்தில் பரப்பி, சாயங்காலம் வரை வாடவிடுங்கள். கார்த்திகை மூட்டத்தில் மறுநாள் மதியம் வரைகூட ஆகும். நறுக்கிய புல்லை ஒரு கைப்பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்து உருண்டை அப்படியே நின்றால் இன்னும் வாடணும். உருண்டை மெல்ல மெல்லப் பூவிரிகிற மாதிரி விரிந்தால் பதம் சரி. திறந்த உடனே உதிர்ந்து கொட்டினால் காய்ந்துவிட்டது, அதை அமுக்கிக் காற்றை வெளியேற்றுவது கஷ்டம். இந்தக் கைப்பிடிச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. நான் பார்த்த கெட்ட பைகளில் பெரும்பாலானவை இதைச் செய்யாமல் கட்டியவை.

இனி பொட்டலத்துக்கு வருகிறேன். பின்பக்கத்தில் ஒரு கிராமுக்கு 10-இன் மேல் சிறிய 8 போட்டு சி.எஃப்.யூ. என்று இருக்கிறது. சி.எஃப்.யூ. என்பது உயிருள்ள பாக்டீரியாவின் எண்ணிக்கை. சிறிய 8 என்றால் பத்துக் கோடி. 100 கிராம் பொட்டலத்தில் மொத்தம் 1,000 கோடி. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் புல்லுக்குத் தேவையான அளவு ஒரு கிராம் புல்லுக்குக் குறைந்தது ஒரு லட்சம். ஒரு டன்னில் பத்து லட்சம் கிராம். பெருக்கினால் டன்னுக்கு 10,000 கோடி வேண்டும். அப்படியானால் இந்தப் பொட்டலம் 100 கிலோ புல்லுக்கு, அதாவது இரண்டு பைக்குத்தான் சரியாக இருக்கும். இரண்டு டன்னுக்கு என்பது தேவையில் இருபதில் ஒரு பங்கு. அதே 100 கிராமில் சிறிய எண் 9 ஆக இருந்தால் ஒரு டன்னுக்குப் போதும், 10 ஆக இருந்தால் பத்து டன்னுக்கு. விலையைவிட அந்தச் சிறிய எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எண்ணே போடாத பொட்டலத்தைத் தொடவே வேண்டாம்.

அடுத்து பாக்டீரியாவின் பெயர். பிளாண்டாரம், பீடியோகாக்கஸ் என்று இருந்தால் சீக்கிரம் புளிக்கவைக்கிற வகை, நம் புல்லுக்கு இதுதான் முதல் தேவை. புக்னெரி என்பது வேறு வேலைக்கு. அது லாக்டிக் அமிலத்தில் ஒரு பகுதியை மெதுவாக அசிட்டிக் அமிலமாக்கும். பையைத் திறந்த பிறகு சூடேறாமலும் பூஞ்சணம் பிடிக்காமலும் காக்கும், ஆனால் அதற்கு 45 முதல் 60 நாள் மூடியே இருக்க வேண்டும். உங்கள் பை 50 கிலோ, நான்கு மாடு. திறந்தால் ஒன்றிரண்டு நாளில் தீர்ந்துவிடும், அதனால் புக்னெரிக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. 2020-இல் இந்தப் பாக்டீரியாக்களில் சிலவற்றுக்குப் பெயர் மாறியது. லாக்டோபேசிலஸ் பிளாண்டாரம் இப்போது லாக்டிபிளாண்டிபேசிலஸ் பிளாண்டாரம். இரண்டில் எது இருந்தாலும் போலி என்று நினைக்க வேண்டாம். ரைசோபியம், அசோஸ்பைரில்லம், டிரைக்கோடெர்மா என்று இருந்தால் அது வயலுக்கானது, தீவனத்துக்கு அல்ல.

உள்ளே இருப்பது உயிர் என்பதைக் கடைக்காரர்கள் பல பேர் மறந்துவிடுகிறார்கள். நானே முதல் தடவை வாங்கிய பொட்டலம் மேற்கு வெயில் நேராக விழும் கண்ணாடி அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தது. கையில் வாங்கியபோது தகடு வெதுவெதுப்பாக இருந்தது, அப்போது எனக்கு விளங்கவில்லை. அந்த வருஷம் அதைத் தெளித்த பைக்கும் தெளிக்காத பைக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. குளிர்ச்சியான, இருட்டான இடத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிற கடையில் வாங்குங்கள். கரைக்கும் தண்ணீரும் அப்படித்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரில் குளோரின் கலந்து வரும், அது பாக்டீரியாவைக் கொல்லும். கிணற்றுத் தண்ணீர் எடுங்கள், அல்லது குழாய்த் தண்ணீரை வாய் அகன்ற அண்டாவில் ஒரு ராத்திரி திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

இரண்டு லிட்டர் பால் கூடும் என்பதை நம்பாதீர்கள். 2017-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டுப் பார்த்ததில், இந்த வகை பாக்டீரியா சேர்த்த சைலேஜால் ஒரு மாட்டுக்கு நாளுக்குச் சராசரியாக 370 கிராம்தான் கூடியிருந்தது. மூன்றில் ஒரு லிட்டர் என்று வையுங்கள். அதுவும் நல்லதே. ஆனால் உங்களுக்கு உண்மையான லாபம் கெடாமல் மிஞ்சும் பைகளில் இருக்கிறது.

பொட்டலம் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே ஒரு வழி உண்டு. அதே புல் 200 கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் அரைத்து, துணியில் வடிகட்டி, 20 கிராம் சர்க்கரை போட்டு, பாட்டிலில் நிரப்பி இறுக்காமல் மூடி, நிழலில் இரண்டு நாள் வையுங்கள். புல்லிலேயே இருக்கும் லாக்டிக் பாக்டீரியா பெருகியிருக்கும். நூறு கிலோ புல்லுக்கு ஒரு லிட்டர் தெளிக்கலாம். மோர் வாசனை வந்தால் பயன்படுத்துங்கள், அழுகிய வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

என்னைக் கேட்டால் இந்த வருஷம் எல்லாப் பைக்கும் வெல்லம், வாட்டம், நல்ல அமுக்கம். அதில் பாதிப் பைக்கு மட்டும் எண் 9-க்குக் குறையாத பிளாண்டாரம் பொட்டலம். பைமேல் பெயிண்டால் அடையாளம் போடுங்கள். எலி கடித்த ஓட்டையை அன்றன்றே டேப் ஒட்டி அடையுங்கள். 45 நாள் கழித்துப் பிரித்து, மாட்டுக்கு நாளுக்கு ஐந்து கிலோவில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுங்கள். மஞ்சள் கலந்த பச்சை நிறமும் காடி வாசனையும் இருந்தால் சரி. எந்தப் பாதி நன்றாக வந்தது என்று எனக்கும் எழுதுங்கள். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் நேரில் போய்க் கேட்கலாம்.

கேள்வி: மக்காச்சோளச் சைலேஜ் போடப்போகிறேன். பவுடர் இல்லாமல் போட்டால் வீணாகிவிடும் என்கிறார் மெஷின்காரர். உண்மையா?
(இராயக்கோட்டை வாசகர்)

பதில்: இல்லை. நான் மேலே சொன்ன அதே தொகுப்பில், புல்லுக்குப் பலன் தெரிந்தது, மக்காச்சோளத்திலும் சோளத்திலும் புளிப்பேறுவதில் முன்னேற்றம் தெரியவில்லை. பால் பிடிக்கும் பருவம் தாண்டி, மணி மாவுப் பதத்துக்கு வரும்போது அறுத்து நன்றாக மிதித்தால் போதும். பெரிய குழி போட்டு, தினமும் கொஞ்சமாக எடுத்து, சித்திரை வெயிலில் மேல்முகம் சூடேறுகிறதென்றால் மட்டும் புக்னெரியை யோசியுங்கள்.

கேள்வி: பத்துப் பொட்டலம் வாங்கினேன். வீட்டில் பார்த்தால் காலாவதி தேதிமேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டேன் என்கிறார். விவசாயிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்துமா?
(அரூர் வாசகர்)

பதில்: பொருந்தும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மாடு வளர்ப்பவர் வாங்கும் பொருளை வணிக நோக்கம் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒதுக்குவதில்லை. ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். பொட்டலங்களை அப்படியே படம் எடுத்து, உடைக்காமல் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பில் இருக்கிறதா? இல்லையென்றால் பணம் அனுப்பிய ஜிபே பதிவும் சாட்சிதான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். கடைக்கும் தயாரிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஏற்கெனவே புல்லில் தெளித்துவிட்ட பொட்டலம் இருந்தால் அதன் காலித் தகட்டையும் எறியாமல் வையுங்கள், அதன் பேட்ச் எண் தேவைப்படும்.