படபடப்பே இல்லாத அம்மாவுக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. பி.பி., சர்க்கரை இரண்டும் உண்டு. கண்புரை ஆபரேஷனுக்காக எடுத்த ஈசிஜியில் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்று வந்தது. படபடப்போ மூச்சிரைப்போ கிடையாது. டாக்டர் அபிக்ஸாபான் 5 மி.கி. காலை, இரவு எழுதித் தந்து, விடாமல் சாப்பிடச் சொல்கிறார். ரத்தக்கசிவு வருமோ என்று பயமாக இருக்கிறது. ஆஸ்பிரினே போதும் என்கிறார் உறவினர். என்ன செய்வது?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். அது படபடப்புக்குத் தந்ததல்ல, பக்கவாதம் வராமலிருக்கத் தந்தது.

இந்தக் கோளாறில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதில்லை. நிமிடத்துக்கு 300-க்கும் மேற்பட்ட தாறுமாறான மின் தூண்டல்களில் வெறுமனே அதிர்ந்துகொண்டிருக்கும். இடது மேலறையின் ஓரத்தில் சின்னப் பை போன்ற ஒரு பகுதி உண்டு. ரத்தம் அங்கே தேங்கி உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம்தான். உங்கள் அம்மாவுக்குப் படபடப்பு தெரிகிறதா இல்லையா என்பதைக் கட்டி கேட்டுக்கொண்டிருக்காது.

யாருக்கு மாத்திரை தேவை என்பதற்கு ஒரு மதிப்பெண் கணக்கு இருக்கிறது. 65 வயதைத் தாண்டியதற்கு 1, பி.பி.க்கு 1, சர்க்கரைக்கு 1. ஆக, 3. இரண்டு வந்தாலே மாத்திரை தொடங்கச் சொல்வோம்.

ஆஸ்பிரின் விஷயத்தில் உறவினர் சொல்வது பழைய கதை. 2011-இல் வெளிவந்த அவெரோஸ் ஆய்வு இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு வந்ததில் பாதியளவுக்கும் குறைவாகவே அபிக்ஸாபான் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் வந்தது. பெரிய ரத்தக்கசிவோ இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. பயப்படுவதென்றால் மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளுக்குப் பயப்படுங்கள். இதோடு அவை சேர்ந்தால் வயிற்றில் கசிவு வரும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, விழுந்து தலையில் அடிபட்டாலோ, காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால், அன்றைக்கே நினைவு வந்ததும் கொடுக்கலாம்; அடுத்த வேளைக்கு இரண்டாகக் கொடுக்கக் கூடாது. இதன் வேலை ஓரிரு நாளிலேயே தீர்ந்துவிடும் என்பதால், ‘மாத்திரை முடிந்துபோச்சு, திங்கட்கிழமை வாங்கலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. வருடத்துக்கு ஒரு முறையாவது கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின் பாருங்கள்.

எக்கோ இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள், தைராய்டும் பாருங்கள். சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தால் கணக்கே மாறிவிடும். நம் ஊரில் இது இன்னும் இருக்கிறது. அவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்கத் தரும் பழைய மாத்திரைகளான அசிட்ரோம் அல்லது வார்ஃபரின்தான்; ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

நாடித்துடிப்பு ஓய்வில் 110-ஐத் தாண்டினால் துடிப்பைக் குறைக்க மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை ஒன்றைச் சேர்ப்பார்கள். அம்மாவுக்கு அறிகுறி இல்லாததால் அப்லேஷனுக்கு (தாறுமாறான மின் தூண்டல் கிளம்பும் இடத்தைக் குழாய் வழியே பொசுக்கும் சிகிச்சை) இப்போது அவசரமில்லை.

கண்புரை ஆபரேஷனுக்காக நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். சொட்டு மருந்தால் மரத்துப்போக வைத்துச் செய்யும்போது பெரும்பாலும் நிறுத்தத் தேவைப்படாது. சீட்டைக் கண் டாக்டரிடம் காட்டி, இதய டாக்டரையும் கேட்டு நாள் குறியுங்கள்.